நூற்றுப் பதினெட்டாம் பக்கம்

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரை
வரைபடத்தில்கூட நான் தேடியதில்லை.
ஜெலுத்தோங் சாலையோரம் காரை நிறுத்தி,
வீடு பார்க்க வரவேண்டியவர் வராத
முக்கால் மணி நேரங்களில்
படித்தேன் அவளுடைய இளமைக்காலத்தை.

அப்பா பேருந்து ஓட்டினாராம்.
கடற்கரைக்கு மேலே போகும் சாலையில்
ஞாயிறுதோறும் ஒரே இடத்தில்
டயரில் காற்று இறங்கிவிடுமாம்.
அவர் சக்கரத்தை உதைத்துக்கொண்டு நிற்க,
பிள்ளைகள் மூன்று நிமிடம் கடல் பார்ப்பார்கள்.
கால் வைக்கத்தான் தடை.
கண் வைப்பதற்குப் பலகை இன்னும் எழுதப்படவில்லை.

அந்த இடத்தில் அழுதேன்.
சுலபமாக வந்தது அழுகை.
அப்போதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும்.
அந்தப் பேருந்தில்
எனக்கும் ஒரு சன்னலோரம்
ஒதுக்கி வைத்திருப்பதாக நினைத்துக்கொண்டேன்.
பள்ளியில் என் தலை எண்ணெய்க்கு
மூக்கைப் பொத்தியவர்களின் பெயர்கள்
வரிசை மாறாமல் நினைவிருக்கின்றன எனக்கு.

பிறகு பலகைக்காரன் வந்தான்.

தடைப் பலகைகளை எழுதியவன்
வெள்ளைக்காரன் இல்லையாம்.
இவள் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி,
கல்யாணப் பந்தலுக்கும் கறிக்கடைக்கும்
பெயர் எழுதித் தருகிறவன்.
சடையப்பன்.
எழுத்து அவ்வளவு அழகு என்கிறாள்.
அந்த வளைவுகளைப் பார்த்துத்தான்
எழுதப் பழகினாளாம்.
திட்டவில்லை. மன்னிக்கவுமில்லை.
அடுத்த பத்தியில் மழை பெய்கிறது.

புத்தகத்தை மூடிவிட்டேன்.

அட்டையில் என் பெயர் வீ.
வீரம்மாளின் மீதி எழுத்துகளுக்கு
இடமில்லை என்று அச்சகத்தில் சொன்னதாக
அம்மாவிடம் சொல்லியிருக்கிறேன்.
ஹொக்கியன் எனக்குத் தண்ணீர் பட்டபாடு,
ஆயர் ஈத்தாம் சந்தையில் வளர்ந்த வாய்.
தொலைபேசியில் யாருக்கும் தெரியாது.
"இந்தியர் வேண்டாம், ஆ வீ.
சுவரெல்லாம் குழம்பு வாசம் ஏறிவிடும்"
என்கிறாள் தஞ்சோங் தோக்கோங் வீட்டுக்காரி.
ஹோ, ஹோ என்கிறேன்,
மத்தியானம் மீன்குழம்பு தின்ற வாயால்.

நம்மவர்களும் சளைத்தவர்கள் இல்லை.
"நம்ம ஆளுங்களுக்கே குடும்மா,
ஆனா எந்த ஆளுங்கன்னு
பதமா விசாரிச்சிரு"
என்பார் பட்டர்வொர்த்தில் மூன்று வீடு வைத்திருப்பவர்.
விசாரிப்பேன், பதமாகவே.

பிறகு விளம்பரம் எழுதுவேன்:
இரண்டு அறை. பத்தொன்பதாவது மாடி.
கடல் தெரியும்.
யாருக்கு இல்லை என்ற கடைசி வரியை மட்டும்
சிறிய எழுத்தில் போடுவேன்.
அது என் மரியாதை என்று இருந்தேன்.

போன மாதம் ஒரு தாதி கூப்பிட்டாள்.
அந்த வரி அவள் கண்ணில் படவில்லையோ,
பட்டும்தான் கேட்டாளோ.
தமிழில் பேசினாள், நானும் தமிழில்தான்:
"போயிருச்சும்மா, இப்பத்தான் முன்பணம் கட்டினாங்க."
இரவு அவளிடமிருந்து ஒரு படம் வந்தது.
என் விளம்பரம்,
அப்படியே, அங்கேயே.
கீழே ஒரு சொல் இல்லை.
ஒரு வசவாவது வரும் என்று
இரண்டு நாள் கைப்பேசியைக் கையிலேயே வைத்திருந்தேன்.

சடையப்பனுக்குப் பலகைக்கு எவ்வளவு கூலி?
அவள் எழுதவில்லை.
எனக்கு அரை மாத வாடகை.
அவன் தூரிகை கழுவிய தண்ணீர்
எந்தப் பக்கத்துக் கடலுக்குப் போனது?
அவன் பிள்ளைகளும் அந்தப் பேருந்தில் இருந்தார்களா,
காற்று இறங்கிய மூன்று நிமிடத்தில்
அப்பாவின் கையெழுத்தை
அவ்வளவு தூரத்திலிருந்தும் கண்டுபிடித்தார்களா?
கேட்க அவள் முகவரி என்னிடம் இல்லை.
இருந்தாலும் கேட்டிருக்க மாட்டேன்.

வீடு இன்னும் காலிதான்.
நேற்று சாவி எடுத்துப் போய்
சன்னல்களைத் திறந்துவிட்டேன்.
மண் கொட்டி நிரப்பிய திட்டுக்கு அப்பால்
கடல் கொஞ்சம் தெரிந்தது,
விளம்பரத்தில் சொன்ன அளவுக்கு இல்லை.

கைப்பேசியில் அவள்
"இந்தியர், தாதி, இரண்டு அறை" என்று கிடந்தாள்.
மேலே தள்ளித் தள்ளிப் போய்
முதல் வணக்கத்தில் பெயரைக் கண்டெடுத்தேன்.
தெய்வானை.
மாற்றி எழுதினேன்.

இன்னும் கூப்பிடவில்லை.